ஈயம் பூசிய நாட்களில் வந்த நீலம்

செராமிக் தொழிற்பேட்டை,
விருத்தாசலம்.

மரியாதைக்குரிய மங்கலம்பேட்டை மச்சான் மதிவாணன் அவர்களுக்கு, குருமூர்த்தியின் வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கை பானுமதியும் சுகம். அங்கு உங்கள் சுகமும் உரக்கடையின் சுகமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருப்பேன்; நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், கடைத்தெருவே கேட்கும்.

கடையை விற்க வேண்டாம் மச்சான். என் மகள், உங்கள் மருமகள் அன்புக்கரசி காற்றிலிருந்தே உரத்துக்கான அம்மோனியா எடுத்துவிட்டாள், இனி உங்கள் யூரியா மூட்டையை எவன் வாங்குவான் என்று போன வாரம் நான் துள்ளியதை மறந்துவிடுங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தண்ணீருக்குள் விட்டு, கரண்ட் கொடுத்து, அம்மோனியா ஆக்குவதுதான் அவள் ஆராய்ச்சி. சும்மா கொடுத்தால் ஆகாது. நடுவில் வினையூக்கி என்று ஒரு பொடி வேண்டும். கல்யாணத் தரகர் மாதிரி, சேராததைச் சேர்த்துவைக்கும். அந்தப் பொடியை நம் சூளையில் சுட்ட பீங்கான் வில்லையில் பூசிப் பார்க்கிறேன் என்று லீவில் வந்தவள், சூளைக்குப் பக்கத்து அறையில் குடுவைகளைப் பரப்பினாள். சோதனை மருந்து விட்டதும் தண்ணீர் நீலமானால் அம்மோனியா வந்துவிட்டது என்று அர்த்தம். வந்தது மச்சான், அப்படியொரு நீலம்! சென்னையில் அவளுடைய பேராசிரியர், திங்கட்கிழமையே கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றார். நான் தொழிற்பேட்டை முழுக்க லட்டு கொடுத்தேன்.

அனுப்பும் முன் அவள் நைட்ரஜனை நிறுத்திவிட்டு, எதோடும் சேராத ஆர்கான் வாயுவை விட்டுப் பார்த்தாள். அப்போதும் நீலம். கரண்டையே நிறுத்தினாள். அப்போதும் நீலம். மூலையில் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் வைத்தாள், அதுவும் நீலம். பெண்ணின் முகம் செத்துப்போனது. "யப்பா, இந்த ரூமு காத்துலயே அம்மோனியா இருக்குதுப்பா. எங்கேருந்து வருதுன்னு தெரியல" என்றாள். நான் சூளையை முகர்ந்தேன், கக்கூஸை முகர்ந்தேன், என் தலைச்சாயத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். அவளோ ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே நிழலில் ஈயம் பூசும் பழமலை. தையில் அன்புவுக்குக் கல்யாணமல்லவா, சீருக்கு என்று உங்கள் தங்கை தன் பித்தளைப் பாத்திரம் அத்தனையையும் பரணிலிருந்து இறக்கி, தினமும் கொஞ்சமாக அவரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் நெருப்பில் காய்ந்த அண்டாவில் நவச்சாரத்தை வீச, வெள்ளைப் புகை நேராக ஜன்னலுக்குள்! நவச்சாரம் என்பதே அம்மோனியாச் சரக்காம். "என்னெ ஏன் மொறைக்கிறீங்க? களிம்பு ஏறுன பாத்திரத்தையா சீருக்கு வெப்பாங்க?" என்றாள் உங்கள் தங்கை. அன்றிலிருந்து குழம்பில் உப்பில்லை.

ஆனாலும் மச்சான், எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டுரை அச்சாகி, வேறு யாராவது இதைக் கண்டுபிடித்திருந்தால் பிள்ளை தலைநிமிர முடியுமா? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பேராசிரியரும் நல்லவேளை நீயே பிடித்தாய் என்றாராம். காற்று உரமெல்லாம் கிடையாது. நீங்கள் நிம்மதியாக வியாபாரம் பாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குக் கொளஞ்சியப்பர் துணையிருப்பார்.

இப்படிக்கு,
லட்டு கொடுத்த வீடுகளுக்குத் திரும்பப் போகக் கூசும்
குருமூர்த்தி

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிட்டுப் படிக்கவும். கவரை ஒட்டும்போது அன்பு கூப்பிட்டாள். பழமலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் கழுவி, ஜன்னலை அடைத்து மறுபடி பார்த்தாளாம். ஆர்கானுக்கு நீலம் இல்லை. கரண்ட் இல்லாவிட்டாலும் இல்லை. நைட்ரஜனுக்கு மட்டும் லேசாக, கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிறது. மாமாவைக் கடையை விற்கச் சொல்லிவிடட்டுமா என்றேன். "ஒரு ரோஜாச்செடிக்குக்கூடப் பத்தாதுப்பா" என்று அழுதுகொண்டே சிரித்தாள். "ஆனா இது நெசம்."