பக்கெட்டில் பத்து நாள்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, நீங்கள் எங்களிடம் விட்டுப்போன தங்கமீன்கள் இரண்டு, ஆக நால்வரும் சுகம். நால்வர் என்பதை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போங்கள். இதயத்தில் ஆபரேஷன் ஆனவரிடம் எதையும் பட்டென்று சொல்லக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதாக நம் மாப்பிள்ளை சொன்னார்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் செய்து மீன்கள் எப்படி என்று கேட்டீர்கள், நானும் ஜம்மென்று இருக்கின்றன என்று பத்து நாளாகப் பொய் சொன்னேன். நீங்கள் அட்மிட் ஆன மறுநாளே மீன்களில் பெரியவனின் கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் டைல்ஸ் கம்பெனியில் புள்ளி தேடியே சம்பளம் வாங்கியவன், என் கண்ணுக்குத் தப்புமா? பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன், இருபத்து மூன்று. கம்பெனியாக இருந்தால் சிவப்புப் பென்சிலால் சுழித்து ஒதுக்கியிருப்பேன். ஆனால் தனியாக இருக்கும் உங்களுக்கு வீட்டில் பேச்சுத்துணை இந்த இரண்டும்தானே. வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். உப்பு தூவின மாதிரி இருக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அது வெள்ளைப்புள்ளி நோய், தொற்றும், விட்டால் ஒரே வாரத்தில் தொட்டி காலி, உடனே பிரித்துக் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் விடுங்கள், தினமும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள் என்றார். அடுக்களைக்கு ஓடிப்போய், மீனுக்குப் போடக் கல்லுப்பு எவ்வளவு இருக்கிறது பார் என்று மனைவியிடம் கேட்டால், இவள் எத்தனை கிலோ மீன் வாங்கினீங்க என்கிறாள்!

அன்றைக்குப் பக்கெட்டோடு குளியலறையில் குடியேறினான் பெரியவன். நாங்கள் அவன்மேல் சோப்புத் துளி தெறிக்காமல் மூலையில் ஒண்டிக்கொண்டு குளித்தோம். இங்கே இவன் இப்படி என்றால், அங்கே தொட்டியில் மற்றவளுக்கு வயிறு உப்பிக்கொண்டே போனது. நீர் கோத்துக்கொண்டதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "உங்க கண்ணுக்கு எதுலதான் புள்ளி தெரியாம இருந்துச்சு? கல்யாணத்தன்னிக்கே என் மூஞ்சில ஏழு எண்ணினவர்தானே" என்று இவள் வேறு. விடுங்கள். இன்று காலை எண்ணினேன், இருபத்தொன்று! இரண்டு குறைந்துவிட்டது. தீனி போட்டதும் பாய்ந்து தின்றான். அப்பாடா என்று தொட்டியில் கொண்டுபோய் விட்டேன், சொல்ல என்ன வெட்கம் சம்பந்தி, அழுதேவிட்டேன். பொய் சொன்னதை மன்னித்துவிடுங்கள். நேரில் சொல்ல வாய் வராமல்தான் மாப்பிள்ளை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தையல் ஆறி, நடை தேறி, நீங்கள் நல்லபடியாக வீடு திரும்ப நாங்கள் நால்வரும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்னிப்புக்குக் காத்திருக்கும் உங்கள் சம்பந்தி

பி.கு.: மாப்பிள்ளை நேற்று வரவில்லை, கடிதம் மேஜையிலேயே கிடந்தது, நல்லதாய்ப் போயிற்று. இன்று காலை இந்தப் பக்கம் வந்த கடைக்காரர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நோய் என்றால் உடம்பு, துடுப்பு, வால் என்று எங்கும் புள்ளி இருக்குமாம், அரிப்பு தாங்காமல் மீன் கல்லில் போய் உரசுமாம். இவனுக்குச் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் மட்டும்தான். வயிற்றில் நீர் கோத்திருந்தால், மேலே இருந்து பார்க்கும்போது செதிலெல்லாம் விரிந்து நிற்குமாம். அவளுக்கு வழவழவென்று படிந்திருக்கிறது, அது சினை. "நோயெல்லாம் ஒண்ணுமில்ல சார். ஆண் மீனுக்குப் பருவம் வந்தா இப்படித்தான் புள்ளி வரும். புது மாப்பிள்ளையைப் புடிச்சுப் பத்து நாள் பக்கெட்டுல போட்டுட்டீங்களே" என்றார்.

ஆக சம்பந்தி, போனில் நான் சொன்ன பொய்யெல்லாம் உண்மை, மேலே எழுதிய உண்மையெல்லாம் பொய். கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். தொட்டிச் செடி முழுக்க முட்டை. பெற்றதுகளே தின்றுவிடுமாம், அதனால் செடியோடு பக்கெட்டுக்கு மாற்றிவிட்டேன். நாலைந்து நாளில் பொரிந்துவிடுமாம். நீங்க தனியாள்ங்கிற பேச்சே இனி கிடையாது, சீக்கிரம் வீட்டுக்கு வாங்க.