பேர் போன கோட்டுபெட்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உயிரைக் கொடுத்தாவது எங்கள் குடும்பப் பெயரைக் காப்பாற்றியே தீருவது. உயிர் என்றால் என்னுடையது இல்லை. வரப்போகிற மாப்பிள்ளையுடையது.

என் பெயர் ஹொரேஸ் கோட்டுபெட். கோ, டு, பெட். போய்ப் படு. சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து காத்திருந்து பழக்கம்.

பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுவார்கள். எங்கள் பேரைச் சொன்னால் ஊர்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. பல் டாக்டரிடம் போனால் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண், "பேரு?" என்பாள். "கோட்டுபெட்" என்பேன். "நானா? இப்பதான் சார் டியூட்டிக்கே வந்தேன்" என்பாள். டெலிபோனை எடுத்துக் கம்பீரமாக "கோட்டுபெட்!" என்றால், "ஐயோ, தூக்கத்துல எழுப்பிட்டேனா, மன்னிச்சுக்குங்க" என்று வைத்துவிடுவார்கள். பட்டப்பகலில்!

பெயரின் பூர்வீகம் தெரிந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். கோட்பெர்ட் என்று ஒரு பழைய சாக்ஸன் பெயர் உண்டு. தெய்வ ஒளி என்கிற மாதிரி அர்த்தம். அதுதான் தேய்ந்து, இந்தச் சதுப்பு நிலத்துக்காரர்களின் வாயில் குதப்பப்பட்டு, கோட்டுபெட் ஆனது என்பது என் கட்சி. எந்நேரமும் தூங்கி வழிந்த ஒருவனைப் பார்த்து ஊரே "போய்ப் படுடா" என்று கத்தியதில் வந்தது என்பது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சித் தலைவி என் மனைவி பெரில்.

"தெய்வ ஒளியாம்! காலைல ஒம்பது மணி வரைக்கும் அந்த ஒளி போர்வைக்குள்ளயே இருக்கே, ஏன்?" என்பாள்.

அதில் அவளுக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கல்யாணமான மறுநாள் காலையிலேயே நான் சட்டம் போட்டுவிட்டேன். பெயரே போய்ப் படு என்கிறது, பெயருக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று சொல்லிப் படுத்தே கிடந்தேன். டீ படுக்கைக்கு வந்தது. முப்பத்து நாலு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது.

"டீ வரும்போது மட்டும் பேருக்கு அந்த அர்த்தம். மத்த நேரம் தெய்வ ஒளியா?"

"பெரில், பெரிய பெயர்களுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்."

"பெரிய சோம்பேறிகளுக்கு எத்தனை வேணும்னாலும் இருக்கும்."

அவள் பிறந்த வீட்டுப் பெயர் வேக். எழுந்திரு, விழித்துக்கொள் என்கிற வேக்தான். படையெடுத்து வந்த நார்மன்காரர்களை இதே சதுப்பில், இதே சேற்றில் திணறடித்த ஒரு வீரனின் பட்டப்பெயர் அது. எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் இரண்டு பெயரையும் அடுத்தடுத்து வாசித்தார். எழுந்திரு, போய்ப் படு. சபை சிரித்து அடங்க இரண்டு பாட்டுப் பாட வேண்டியிருந்தது. "வேக்கா இருந்தவளை வேலைக்காரி ஆக்கிட்டீங்களே" என்று இப்போதும் டீக்கோப்பையை நங்கென்று வைப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கோட்டுபெட்கள் அருகி வரும் இனம். விலாங்குக்கும் ஆந்தைக்கும் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. நாடு முழுக்கத் தேடிப் பிடித்தாலும் ஒரே ரயிலில் அடைத்து அனுப்பிவிடலாம். ஈலி நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோட்டுபெட்கள்தான். பெயருக்குப் பொருத்தமாகப் படுத்திருக்கிறார்கள். ஊரில் உயிரோடு இருப்பது மூன்றே பேர். நான், பெரில், எங்கள் ஒரே மகள் ரொவீனா.

இதற்காகவே கோட்டுபெட் குலக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்து, நானே தலைவராக இருக்கிறேன். முதல் விதியும் நானே எழுதியது. "கோட்டுபெட் என்ற பெயரைச் சுமப்பவரே உறுப்பினர். பெயரை விட்டவர் அந்த நிமிஷமே வெளியே. திரும்பி வந்தாலும் சேர்ப்பதில்லை." இது என் சித்தப்பா மகன் பெர்சிக்காக எழுதியது. பெயருக்கு வெட்கப்பட்டுக் குட்பாடி என்று மாற்றிக்கொண்ட துரோகி. அவனுக்கு நான் கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அனுப்புவதில்லை.

இப்படியிருக்க, ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ரொவீனா கல்யாணம் என்றாள்.

"சந்தோஷம்மா. பையன் பேரு?"

"ஆல்ஃபி. ஆல்ஃபி ஸ்மித்."

முள்கரண்டியிலிருந்த விலாங்குத் துண்டு தட்டில் விழுந்தது. ஸ்மித்! இந்த நாட்டில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஸ்மித் மேல் விழும். அங்கிருந்து எகிறினால் இன்னொரு ஸ்மித் மேல் விழும். அந்தக் கடலில் என் கடைசிச் சொட்டும் கரைவதா?

மறுவாரமே பையனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். டிராக்டர் மெக்கானிக். நல்ல பையன், காதுதான் கொஞ்சம் பெரிது.

"ஆல்ஃபி, நீ கோட்டுபெட் ஆகணும்" என்றேன்.

"இப்பவேவா சார்? மணி ஏழுதானே ஆகுது."

விளக்கினேன். எழுந்து நின்று விளக்கினேன். "மனைவி பேரை எடுத்துக்கறதுல ஒரு ஆம்பிளைக்கு என்ன குறைச்சல்? பழைய காலத்துல பொண்ணு வீட்டுச் சொத்தோட பேரையும் வாங்கிக்கிட்டு நிமிர்ந்து நடந்தவங்க எத்தனை பேர்! கோழைதான் தயங்குவான். உண்மையான ஆம்பிளை பேரைக் கழட்டி மாட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்!"

பெரில் கரண்டியைக் கீழே வைத்தாள். "திரும்பச் சொல்லுங்க?"

மேஜையைத் தட்டி, இன்னும் உரக்கச் சொன்னேன்.

"நல்லாச் சொன்னீங்க" என்று என் தட்டில் இன்னொரு கரண்டி புட்டிங் வைத்தாள். கேட்காமல் இரண்டாம் தடவை புட்டிங் வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். புட்டிங்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

"எனக்குச் சம்மதம் சார்" என்றான் ஆல்ஃபி. "எங்க ஒர்க்‌ஷாப்ல நாலு ஸ்மித். ஒருத்தனைத் திட்டினா நாலு பேரும் திரும்பறோம். அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும்."

"மேவிஸ்கிட்ட நான் பேசறேன்" என்றாள் பெரில். "சர்ச்சுப் பாட்டுக் குழுவுல பக்கத்துப் பக்கத்துலதான் நிக்கறோம். ஹொரேஸ், நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க. வாயைத் திறந்தீங்கன்னா கல்யாணமே நின்னுடும்."

என்ன பெருந்தன்மை! எதிர்க்கட்சியே எனக்காகத் தூது போகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டுப் பயிற்சி முடிந்து வந்தவள் கோட்டைக் கழற்றிக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"என்ன சொன்னா மேவிஸ்?"

"சொன்னா. வேண்டாம், விடுங்க. உங்களுக்குக் கோபம் வரும்."

"எனக்கா? கோபமா? சொல்லு!"

"என் பையனை மட்டும் பொண்டாட்டி பேரை வச்சுக்கச் சொல்றாரே, அவரு வச்சுக்கிட்டாரான்னு கேட்டா."

"அது எப்படி... அது வேற!"

"நானும் அதைத்தான் சொன்னேன். எங்க ஹொரேஸ் வேறன்னு. முதல்ல அவரு செஞ்சு காட்டட்டும், அப்புறம் என் பையன் கையெழுத்துப் போடுவான்னுட்டா. கோழைதான் தயங்குவான்னு யாரோ மேஜையைத் தட்டிச் சொன்னாங்களாமே, அதையும் சொல்லிச் சிரிச்சா."

"அவளுக்கு யாரு சொன்னது?"

"ஆல்ஃபிக்குக் காது பெருசாச்சே. சரி விடுங்க. ரொவீனா ஸ்மித். அதுவும் கேக்க நல்லாத்தான் இருக்கு."

ரொவீனா ஸ்மித்! அன்று பூராவும் கணக்குப் போட்டேன். ஒரு கோட்டுபெட் போனால் ஒரு கோட்டுபெட் வருகிறான். என்னிடம் இனி உற்பத்தி கிடையாது. ஆல்ஃபியோ வாலிபன், நாலைந்தாவது தேறும். அதோடு, கல்யாணம் முடிந்த கையோடு சத்தமில்லாமல் நான் பழையபடி கோட்டுபெட் ஆகிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஸ்மித்துகள் ஏமாறப் பிறந்தவர்கள்.

எங்கள் ஊரில் பெயர் மாற்றுவது பெரிய காரியமில்லை. ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் சாட்சி. நான் ஹொரேஸ் வேக் ஆனேன். மையின் ஈரம் காயுமுன் பெரில் தன் தாளை நீட்டினாள்.

"நீ எதுக்கு?"

"புருஷன் ஒரு பேரு, பொண்டாட்டி ஒரு பேருன்னா ஊர் என்ன பேசும்? உங்க மானம்தானே போகும்?"

என் மானத்தின்மேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள். ஆல்ஃபியும் சொன்னபடி கோட்டுபெட் ஆனான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கல்யாண அறிவிப்பு. பாதிரியார் வாசித்தார். "ஆல்ஃபி கோட்டுபெட், ரொவீனா கோட்டுபெட். இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர் யாராவது இருந்தால் இப்போதே சொல்லலாம்."

சாதாரணமாக இந்த இடத்தில் ஒரு ஈகூடப் பறக்காது. அன்று முன்வரிசையிலிருந்த மிஸ் பிளென்கின் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். வயதானவள், காது மந்தம், தொண்டை மட்டும் வெண்கலம்.

"தடை இருக்கு! அண்ணனும் தங்கச்சியும் கட்டிக்கறதா? ஹொரேஸ் கோட்டுபெட், உனக்கு வெக்கமா இல்லே?"

"அம்மா, பையன் போன வாரம் வரைக்கும் ஸ்மித்" என்றார் பாதிரியார்.

"அப்ப ஹொரேஸுக்கு அவன் பையன் இல்லியா?"

"இல்லம்மா. ஹொரேஸ் இப்ப கோட்டுபெட்டும் இல்ல. அவர் வேக்."

"ஹொரேஸ் கோட்டுபெட் இல்லேன்னா, இந்தக் கோட்டுபெட் பொண்ணு யாரோட பொண்ணு?"

சர்ச்சு அதிர்ந்தது. பெரில் பாட்டுக் குழுவில் நின்றபடி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் மட்டும் அப்படிக் குலுங்கியது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஊர்ப் பொதுக்கூடத்தில் விருந்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோப்பையும் கையுமாக மேவிஸ் ஸ்மித்திடம் போனேன்.

"பாத்தீங்களா, உங்க நிபந்தனையை நிறைவேத்திட்டேன்."

"என்ன நிபந்தனை?"

"நான் முதல்ல பேரை மாத்தணும்னீங்களே."

"நானா? பெரில் கேட்ட உடனேயே நான் தாராளமான்னு சொல்லிட்டேனே! எங்க தெருவுல ஆறு வீடு ஸ்மித். என் தபால் என் கைக்கு வந்ததே இல்ல. பையனாவது தப்பிச்சானேன்னு இருந்தேன். நீங்க எதுக்கு வேக் ஆனீங்கன்னு எனக்கு இன்னும் புரியலை. பெரில்மேல அவ்வளவு ஆசையா?"

திரும்பிப் பார்த்தேன். பெரில் கேக்கு மேஜை அருகே நின்று எனக்குக் கையசைத்தாள்.

சரி, போகட்டும். கழகத் தலைவன் என்ற முறையில் புதிய கோட்டுபெட்டை வரவேற்க எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். கடைசி மேஜையில் ஒரு கை உயர்ந்தது. பெர்சி குட்பாடி! அந்தத் துரோகியை யார் அழைத்தது? கேள்வியைக் கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"தலைவரே, முதல் விதி" என்றான் பெர்சி. மனப்பாடமாக ஒப்பித்தான். ஒரு எழுத்து பிசகவில்லை. "பெயரை விட்டவர் அந்த நிமிஷமே வெளியே. திரும்பி வந்தாலும் சேர்ப்பதில்லை. மிஸ்டர் வேக், நீங்க எந்த உரிமையில பேசறீங்க?"

கூட்டத்திலிருந்த கோட்டுபெட்கள் இரண்டே பேர், மணமகனும் மணமகளும். அங்கேயே வாக்கெடுப்பு நடந்தது. ரொவீனாவும், "ஸாரி சார்" என்று சொல்லிக்கொண்டே ஆல்ஃபியும் கையைத் தூக்கினார்கள். நேற்று வரை ஸ்மித்தாக இருந்தவன் கோட்டுபெட் குலக் கழகத்தின் தலைவரானான். நான் கேக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். பெர்சி எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வெடித்தேன்.

"ஏமாத்திட்டியே பெரில்!"

"எதுல ஏமாத்தினேன்? உங்க பேரு பொழைக்கணும்னீங்க. பொழைச்சுதா இல்லியா?"

"பொழைச்சுது..."

"எங்கப்பாவுக்கும் ஆம்பிளைப் பிள்ளை இல்ல ஹொரேஸ். இந்த ஊர்ல நான்தான் கடைசி வேக். கல்யாணத்தன்னிக்கு அது போயிடுச்சேன்னு நான் அழுதேன். நீங்க ஆனந்தக் கண்ணீர்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தீங்க. அதுக்குன்னு யாராவது கழகம் வச்சாங்களா? மேஜையைத் தட்டினாங்களா?"

எனக்கு நிஜமாகவே சுருக்கென்று தைத்தது. அப்படிச் சொல்லிவிட்டு அவள் என் கையைக் கோத்துக்கொண்டாள். "வேக் பேரு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். பேர்போன குடும்பம் என்று காலமெல்லாம் மார்தட்டினேன். பேர் போனது எனக்குத்தான். ஆனாலும் கை கோத்து நடந்தது நன்றாக இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை. சுகமாகக் குப்புறப் படுத்திருந்தேன். விலாவில் ஒரு முழங்கை விழுந்தது.

"மிஸ்டர் வேக்!"

"ம்?"

"வேக்!"

"என்ன பெரில், பேரைச் சொல்றியா, எழுப்பறியா?"

"பெரிய பெயர்களுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்" என்று போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். "பேருக்குத் துரோகம் பண்ணக்கூடாது ஹொரேஸ்."

எனக்கு இப்போது எல்லாம் அத்துப்படி. பால் கொஞ்சமாக, சர்க்கரை இரண்டு கரண்டி, கோப்பையை நங்கென்று வைக்கக்கூடாது.