தொண்டை கட்டிய டேரில்

இந்தத் தடவை மனைவிக்குப் பயப்படுவதில்லை என்று டேரில் முடிவெடுத்தார். முடிவெடுத்த கையோடு, அவளிடம் உண்மையைச் சொல்வதில்லை என்றும் முடிவெடுத்தார்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு பப்பில் மெலடிக் ராக் கச்சேரி. கோலார் தங்கவயலில் கூடவே வளர்ந்த க்ளென் கிடார் வாசிக்கிறான்; பாட்டு டேரில். அதே சாயங்காலம்தான் பொம்மனஹள்ளி சர்ச்சின் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு, வீடு வீடாகப் போய்ப் பாடுவது. சர்ச் பாட்டுக் குழுவான கொயரை நடத்துவது மனைவி மோனிகா. அந்தக் கொயரில் மேல் ஸ்தாயிக்குப் போய்ப் பாடக்கூடிய ஒரே ஆண்குரல் டேரிலுடையது.

அவருடைய மியூசிக் ரூம் சுவரில் ஐந்து ராக் பாடகர்கள் போட்டோவாகத் தொங்குகிறார்கள். ஒருத்தருக்கும் தலை வாரும் பழக்கம் கிடையாது. இரண்டாம் இடம் யாருக்கு என்பதில் அவருக்கும் க்ளெனுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து சண்டை. முதலிடத்தில் சண்டையே இல்லை. பின்னால் கிடார் என்ன கத்து கத்தினாலும் அந்த மனுஷன் மெட்டை விடமாட்டார். கடைசி வரியில் ஓர் உச்சத்துக்குப் போவார் பாருங்கள், கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும். டேரிலுக்கு ஐம்பது நெருங்குகிறது. மேடையில் ஒரே ஒரு தடவை அந்த உச்சத்தைத் தொட்டுவிட வேண்டும். பாவம், வேறு ஆசையே இல்லை.

கேட்டிருந்தால் மோனிகா விட்டிருப்பாள். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை காலை, காபியோடு வந்தவளிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். போனில் எழுதி நீட்டினார்: 'குரல் போச்சு. டாக்டர் ஒரு வாரம் பேசக் கூடாதுன்னார்.'

"ஐயோ, இன்னாங்க இது! கேரலுக்கு இன்னா பண்றது?"

டேரில் முகத்தில் சோகத்தைக் கொண்டுவந்தார்.

"சரி, வுடுங்க. உடம்புதான் முக்கியம். கஷாயம் போடறேன்."

இவ்வளவு சுலபமா! அவள் மாடி வீட்டு மங்களத்தைப் பார்க்கப் போனதும், வெளிச்சத்தம் எதுவும் காதில் விழாத பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒத்திகையில் இறங்கினார். உதட்டை மட்டும் அசைத்து, சத்தமே இல்லாமல். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டார்.

மோனிகா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரே கனிவு.

"இன்னாங்க, எந்தம்பி ஆண்டனிக்கு எலெக்ட்ரானிக் சிட்டில வேலை கெடைச்சிருக்கு. பக்கத்துத் தெருல அம்மா வீட்ல எடமில்ல, கொஞ்ச மாசம் இங்கயே இருக்கட்டுமா? வேணாம்னா வாயத் தெறந்து சொல்லுங்க."

டேரில் வாயைத் திறந்தார். மூடினார்.

"தேங்க்ஸுங்க. அவனுக்கு உங்க மியூசிக் ரூமைக் குடுத்துடலாம். அந்தப் பரட்டைத் தலைங்க அஞ்சும் பரணுக்கு. ஆட்சேபணை இருக்கா?"

டேரில் போனைத் தேடினார். அது அவள் கையில் இருந்தது.

"போனும் வேணாங்க. ஃபுல் ரெஸ்ட்."

வெள்ளிக்கிழமைக்குள், ஒரு வார்த்தைகூட எதிர்ப்பேச்சு இல்லாமல், கோவா போவதாக இருந்த லீவு வேளாங்கண்ணிக்குத் திரும்பியது. ஹாலுக்கு இளஞ்சிவப்பு பெயின்ட் முடிவானது. பொங்கலுக்கு மாமியார் வந்து தங்குவதும் முடிவானது. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு டம்ளர் கஷாயம். அந்த உச்சத்துக்காக எல்லாவற்றையும் விழுங்கினார்.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சைகை காட்டினார்.

"பேசாம ஆட்டோல போயிடுங்க, ட்ராஃபிக் ஜாஸ்தி. இன்னாங்க, லெதர் ஜாக்கெட்டா? அந்த டாக்டர் ஏசி ரொம்ப வெப்பாரோ?"

டேரில் ஓடியே போனார்.

மேடையில் விளக்கு விழுந்தது. க்ளென் தலையசைத்தான். டேரில் பாடினார். கடைசி வரி வந்தபோது கண்ணை மூடி, இத்தனை வருஷத்தையும் சேர்த்து மேலே ஏற்றினார். தொட்டுவிட்டார்! அங்கேயே நின்றார். இறங்க மனசே வரவில்லை. பப் மொத்தமும் எழுந்து தட்டியது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து தட்டியது முன்வரிசை மேஜை. அங்கே லைம் சோடாவும் கையுமாக சர்ச் கொயர் முழுக்க உட்கார்ந்திருந்தது. நடுவில் மோனிகா.

டேரில் இறங்கி வந்தார். மோனிகாவின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"ஹெட்ஃபோன் மாட்டிக்கினா உங்களுக்குத்தாங்க கேக்காது. புதன்கெழமையே மாடி வரைக்கும் கேட்டுச்சு. 'டேரிலுக்கு இன்னா கஷ்டமோ, போய்ப் பாரு'ன்னு மங்களம் அக்காதான் என்னை அனுப்புனாங்க. எந்த பப்புன்னு உங்க போன்ல க்ளென் மெசேஜே சொல்லிடுச்சு."

டேரில் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட்டிருந்தா நானே ரவுண்டைத் தள்ளி வெச்சிருப்பேன். இப்பவும் ஃபாதர்கிட்ட சொல்லி நாளைக்கு மாத்தியிருக்கேன். ரொம்ப நல்லா பாடுனீங்க."

டேரிலுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தேங்க்ஸ் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். ம்ஹூம். குரல் அந்த உச்சத்திலேயே தங்கிவிட்டது. பதறிப்போய்த் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

மோனிகா அன்போடு அவர் ஜாக்கெட் காலரைச் சரிசெய்தாள்.

"நடிச்சது போதுங்க. நாளைக்கு மொத வீடே எங்கம்மா வீடு."