எருமைக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நான்

ஆரணி,
ஞாயிறு மத்தியானம்.

மதிப்புக்குரிய மச்சான் சுதாகர் அவர்களுக்கு,

ராஜவேலு வணக்கத்தோடு எழுதுவது. இங்கே உங்கள் தங்கை ஜெயப்ரியா நலம், உங்கள் மருமகள் எழிலரசி நலம், இரண்டு தறியும் நலம். நான் மட்டும் நலமாக இல்லை. பெங்களூரில் நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். இருந்தால்தானே நான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். போனிலேயே கேட்டிருப்பேன். உங்கள் தங்கை போனைப் பிடுங்கி, "எங்க அண்ணன் நல்லதுக்குத்தானே அனுப்புச்சு" என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் கடிதம்.

போன ஆடியில் படமும் எழுத்தும் போட்ட நூறு அட்டையும், பிள்ளை சொல்வதைக் கேட்டுச் சரிபார்க்க, போனில் போடுகிற ஒரு ஆப்பும் அனுப்பினீர்கள். மூன்று வயதுக்குள் பிள்ளை தானாகப் படிக்கும் என்று பெட்டி மேல் போட்டிருந்தது. மச்சான், என் மகள் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. ரெண்டே கால் வயசு. அம்மா என்கிறாள், தண்ணி என்கிறாள், எதிர் வீட்டு நாயைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். என்னை ஒருநாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. அந்த நூறில் வெற்று அட்டை ஒன்று இருந்தது, வீட்டு ஆள் படம் ஒட்டிக்கொள்ளலாம் என்று. அதில் என் போட்டோவை ஒட்டி, கீழே 'அப்பா' என்று எழுதினேன். அந்த ஓர் அட்டைக்காகத்தான் மீதி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டேன்.

பிள்ளை அட்டைகளை வாரி இறைக்கிறாளே என்று, பெரிய புத்திசாலி மாதிரி, சேலையில் பூ விழத் தறிக்கு ஜக்கார்டு அட்டை கோர்ப்பதுபோல அத்தனையையும் வரிசையாக நூலில் கோர்த்து விட்டத்தில் தொங்கவிட்டேன். தறியில் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தால் அவள் எதிரே ஒவ்வொரு அட்டையாக இறங்கும். நெசவும் நிற்காது. என் பக்கம் தெரிவது அட்டையின் முதுகு மட்டும். "எருமைக்கும் ஆட்டோவுக்கும் நடுவுலயா உங்க மூஞ்சி?" என்று உங்கள் தங்கை கேட்டாள். கையில் வந்தபடி கோர்த்தேன், என்ன செய்ய? பத்தே நாளில் அன்னாசி, பந்து, குடை என்று நூறையும் ஒப்பித்தாள். கலசப்பாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு அட்டைச் சங்கிலியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினேன். "இது கலெக்டர் ஆவும்" என்றார்கள். வரிசையைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறாள், படத்தைப் பார்க்கவே இல்லை என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அவள் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்த நேரமா பார்த்து, ரெண்டாவது தறியில் நெய்கிற சடையன், தறி ஆடுகிறது என்று முதல் அட்டையான அன்னாசியை அறுத்து மடித்துத் தறிக்காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். கேட்டால், "நூறு அட்டையில ஒண்ணு கொறஞ்சா இன்னாண்ணா?" நெய்கிறவன் பேசுகிற பேச்சா இது? ஜக்கார்டில் ஓர் அட்டை போனால் சேலையில் ஒவ்வொரு புட்டாப் பூவிலும் பழுது விழுமே! இவள் வழக்கம்போல அன்னாசி என்று ஆரம்பிக்கிறாள், எதிரே இருப்பது பந்து. பந்து என்கிறாள், எதிரே குடை. இப்படியே நூறும் ஒன்று தள்ளிப் போய்விட்டது. முதுகைப் பார்க்கிற எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஆப், பிள்ளை தும்மினாலும் கைதட்டி "சபாஷ் செல்லம்" என்கிறது. ஒரு மாசம் கைதட்டிச்சு மச்சான்!

ஆக, என் படம் வரும்போது எருமை. ஆட்டோ வரும்போது அப்பா. காலையில் எழுந்ததும் "எலுமை, எலுமை" என்று என் காலைக் கட்டிக்கொள்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்குவேன், பாசமாத்தான் சொல்லுது. கோடி வீட்டுத் தென்னரசு ஆட்டோ சத்தம் கேட்டா போதும், "அப்பா! அப்பா!"ன்னு கையை நீட்டிகினு வாசலுக்கு ஓடுது. தண்ணி பிடிக்கிற பொம்பளைங்க குடத்தை இறக்கி வெச்சிட்டுச் சிரிக்கிறாங்க. நேத்து தென்னரசே வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "ண்ணா, எனக்கு இப்பத்தான் நிச்சயம் ஆயிருக்குது. பொண்ணு வூட்டுக்காரங்க வந்து போயிகினு இருக்காங்க. பாப்பாவுக்கு ஜல்தியா சொல்லிக் குடுங்கண்ணா, பேஜாராப் பூடும்." அவன் என்கிட்ட சொல்லிட்டான், நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? உங்க தங்கச்சி சிரிப்பை இன்னும் நிறுத்தல. பெத்தவனுக்கு இருந்த ஒரே ஆசை அந்த ஒரு வார்த்தை. அதைத் தூக்கி ஒரு மஞ்ச வண்டிக்குக் குடுத்துட்டீங்களே! வயிறு எரியுது மச்சான்.

ஆகையால் மிச்சமுள்ள தொண்ணூற்றொன்பது அட்டையையும் நாளைக்குக் கூரியரில் திருப்பி அனுப்புகிறேன். ஆப்பை அழித்துவிட்டேன். இனி மருமகளுக்கு ஏதாவது அனுப்புவதாக இருந்தால் பாவாடை சட்டை அனுப்புங்கள். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் உங்களை அப்பா என்றே கூப்பிடுகிறார்களாம், கேட்கச் சந்தோஷம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
ராஜவேலு

பி.கு.: இதை மடித்து உறையில் போட வாசலில் நின்றேன். எழிலரசி வந்து என்னை நேராகப் பார்த்து, ரெண்டு கையையும் நீட்டி, "அப்பா" என்றாள். மூன்று தடவை. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். அட்டைகள் இங்கேயே இருக்கட்டும். எண்கள் போட்ட பெட்டி ஒன்றும் இருக்கிறதாமே, அதையும் உடனே அனுப்பவும். அந்த நேரம் என் முதுகுக்குப் பின்னால் தென்னரசு வண்டி நின்றுகொண்டிருந்தது என்று ஜெயப்ரியா சொல்கிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.