ஏகமனதாகச் சைவமான சூப்

நியூசிலாந்தில் சைவ நெறி இன்றைக்கும் கெடாமல் நிற்கிறது என்றால், அதற்கு ஒரே காரணம் லின்ஃபீல்டில் வசிக்கும் குலசிங்கம் அவர்களின் நாக்கு. வேறு காரணம் சொல்பவர்கள் அவரை அறியாதவர்கள், அல்லது அவருக்கு வேண்டாதவர்கள்.

அந்த நாக்கு பிறந்த நாள் முதல் மீன், இறைச்சி, முட்டை எதையும் தொட்டதில்லை. இதைக் குலசிங்கமே சொல்லியிருக்கிறார். ஒருமுறை அல்ல; கல்யாண வீடு, பிறந்தநாள், துக்க வீடு என்று நாலு பேர் கூடிய இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். பென்ரோஸில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு வருடம் பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகளை வாசித்தவர், ஓய்வு பெற்றதும் பிஸ்கட் பாக்கெட்டுகளின் முதுகை வாசிக்கத் தொடங்கினார். ‘லின்ஃபீல்ட் சைவ உணவு ஆய்வுக் குழு’ அப்படித்தான் உதித்தது. அவர் தலைவர். மனைவி அன்னம் உறுப்பினர். யோகராணி செயலாளர். கௌசிகனிடம் ஒரு வான் வண்டி இருந்ததால் அவர் ‘கொள்முதல்’. குழு வாட்ஸப்பில் ‘சைவம்’ என்று போட்டால் நாற்பது வீடுகளில் அதை வாங்குவார்கள். ‘சந்தேகம்’ என்று போட்டால் நாற்பது குப்பைத் தொட்டிகள் நிறையும்.

இத்தகைய தொண்டுக்காக அவருக்கு அடுத்த மாதம் ‘சைவச் சுடர்’ என்ற பட்டம் கிடைப்பதாக இருந்தது. வாழ்த்துமடல் அச்சாகிவிட்டது. அதில் ‘பிறவிச் சைவர்’ என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது, ஒன்று தடித்த எழுத்தில்.

இந்த நேரத்தில்தான் குழு ஜப்பானைக் கையில் எடுத்தது. லின்ஃபீல்டின் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் சுஷி தின்னத் தொடங்கி ஏழெட்டு வருடம் ஆகிவிட்டிருந்தது. ஆகவே, அதைத் தின்னலாமா என்று அவசரமாக ஆராய வேண்டியிருந்தது.

ஆய்வுக்கு ஒரு ‘சிறப்பு விருந்தினர்’ வந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஸ்வர்ணா. ஸ்ரீரங்கத்திலிருந்து கணவனோடு வந்து எட்டு மாதம், கம்ப்யூட்டர் வேலை. அவள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. இது அவள் சொன்னதல்ல. அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தவர்கள் தெருவில் மூன்று பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவளுடைய அலுவலகமே ஜப்பானியக் கடைக்குச் சாப்பிடப் போகும். அவள் மட்டும் ஒரு வாழைப்பழத்தோடு மேசை ஓரத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

“நீங்க ஓகே சொன்னா நானும் சாப்பிடுவேன் அங்கிள். நீங்க சொன்னா எனக்கு வேற யாரும் சொல்ல வேணாம்” என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக் கூட்டம், குலசிங்கத்தின் சாப்பாட்டு மேசையில், சரியாகப் பத்து நாற்பதுக்கு ஆரம்பமாயிற்று. கௌசிகன் பக்குரங்காவில் ஒரு கடையிலிருந்து பொதிகளோடு வந்திருந்தார்.

“சைவம்தானோ எண்டு விசாரிச்சனீரோ?” என்று தலைவர் கேட்டார்.

“இறைச்சி இருக்கோ எண்டு கேட்டனான் அண்ணை. இல்லை எண்டவை. ஆனபடியால் சைவம்.”

இந்த விசாரணை குறிப்பேட்டில் ‘விரிவான கள ஆய்வு’ என்று பதிவாயிற்று.

முதலில் வெள்ளரிக்காய் சுஷி. யோகராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெளியால சுத்தியிருக்கிற கறுப்பு என்னது?”

“கடற்பாசி அக்கா.”

“கடலுக்க மீனும் இருக்கெல்லோ. பக்கத்தில நிண்டிருக்குமே?”

“பக்கத்தில நிண்டதெல்லாம் சொந்தமில்லை” என்று தலைவர் தீர்ப்பளித்தார். சுஷி தேறியது.

அடுத்து மோச்சி. அரிசிமாவில் பிசைந்து, உள்ளே இனிப்புப் பயறு வைத்து, குழந்தையின் கன்னம் போல உருட்டிய பலகாரம். குலசிங்கம் அதை விரலால் தொட்டார். அது குலுங்கியது. அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

“இது ஆடுது.”

“அரிசி மாவு தானே அங்கிள்? நம்ம கொழுக்கட்டை மாதிரிதான்” என்றாள் ஸ்வர்ணா.

“கொழுக்கட்டை ஆடுமோ பிள்ளை?”

“ஆடாது.”

“பின்னை? உதுக்குள்ள மாட்டெலும்பில காய்ச்சின ஏதோ இருக்கு. அசையிறதெல்லாம் அசைவம்!”

மேசை மெய்மறந்து நின்றது. யோகராணி அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையில் எழுதினார். அரிசியும் பயறும் சீனியும் மட்டுமே அறிந்த அந்த அப்பாவிப் பலகாரம் நிராகரிக்கப்பட்டது. நிராகரித்தவற்றை அப்புறப்படுத்தும் பொறுப்பைக் கௌசிகன் ஏற்று, எட்டையும் குசினியில் நின்றபடியே அப்புறப்படுத்திவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கடைசியாக, சோயாவைப் புளிக்கவைத்த விழுதில் செய்யும் மிசோ சூப். அன்னம் அதை அடுப்பில் சூடாக்கும்போதே வீட்டில் ஒரு வாசம் எழுந்தது. ஒவ்வொருவரும் மற்றவருடைய மூக்கைப் பார்த்துக்கொண்டார்கள். கிண்ணங்கள் வந்தன. குலசிங்கம் ஒரு வாய் குடித்தார்.

மாசி.

ஐயமே இல்லை. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, விறகுக்கட்டை போலக் காயவைத்து, இடித்துத் தேங்காய்ச் சம்பலில் போடுவார்களே, அந்த மாசி. ஜப்பானியரும் அதே இன மீனை அதே மாதிரி காயவைத்து, சீவி, கொதிநீரில் ஊறப் போட்டுத்தான் இந்தச் சூப்புக்குத் தண்ணீரே எடுக்கிறார்கள். குலசிங்கத்துக்கு அது தெரியாது. ஆனால் படிக்கிற காலத்தில் கொழும்பில் ஒரு வாடகை அறையில், ஐந்து வருடம், காலையும் மாலையும் பாண் ரொட்டியோடு மாசிச் சம்பல் தின்ற அவருடைய நாக்குக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லிவிடலாம். ‘இதில் மீன் இருக்கிறது’. மூன்றே சொல். நாலாவது சொல்லை மற்றவர்கள் கேட்பார்கள்: ‘எப்பிடி?’

“நல்ல ருசி அண்ணை” என்றார் கௌசிகன். “பழகின ருசி மாதிரி…”

“என்ன பழக்கம்?” என்று யோகராணி பாய்ந்தார்.

“பழக்கமில்லை அக்கா. பழக்கமே இல்லை. உங்களுக்குத் தெரியுமோ?”

“எனக்கெப்பிடித் தெரியும்? நான் கேட்டதே தெரியாமல்தான்.” பிறகு பேனையை எடுத்தார். “சரி, முறைப்படி செய்வம். இது எதின்ர வாசம் எண்டு தெரிஞ்சவை கை உயர்த்துங்கோ.”

குழுவின் நாலு பேரும் கைகளைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். எவருக்கும் எதுவும் தெரியாது என்பது ஏகமனதாக நிறைவேறியது.

ஸ்வர்ணா மட்டும் இன்னும் குடிக்கவில்லை. கிண்ணத்தை மோந்து பார்த்தாள்.

“அங்கிள், ஏதோ புகை வாசனை வருதே. மீன் கீன் ஒண்ணும் இல்லையே?”

குலசிங்கத்தின் கண் முன்னால் வாழ்த்துமடலின் தடித்த எழுத்து ஒரு தரம் வந்து போனது.

“மீன் வாசம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?” என்றார்.

“ஆமா, எனக்கும் தெரியாது அங்கிள்” என்று சிரித்துவிட்டு, அவள் கிண்ணத்தை அடிவரை குடித்தாள். இன்னொரு கிண்ணமும் கேட்டாள். எட்டு மாதத்தில் இப்படி ஒரு ருசி கிடைத்ததில்லை என்றாள்.

‘மிசோ சூப்: சைவம்’ என்று பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் அறிவிப்புப் போனது.

எல்லோரும் போனபின் அன்னம் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “இஞ்சேருங்கோ. மாசி.”

“என்ன மாசி? இப்ப புரட்டாதி.”

“சம்பல் மாசி.”

“அது உமக்கெப்பிடித் தெரியும்?”

“உங்களுக்கு எப்பிடியோ அப்பிடித்தான்.”

முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் இருவரும் ஒரே இரகசியத்தைத் தனித்தனியாகக் காத்து வந்திருந்தார்கள். இதைவிடச் சிறந்த பொருத்தம் எந்தச் சாதகத்தில் கிடைக்கும்?

“அந்தப் பிள்ளையிட்டயாவது சொல்லுங்கோவன். பாவமெல்லோ.”

“சொல்லத்தான் வேணும். பட்டம் முடியட்டும்.”

வெள்ளிக்கிழமை மாலை ஸ்வர்ணா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “அங்கிள்! இன்னிக்கு நானும் அவங்களோட சாப்பிட்டேன்! ரெண்டு கப்!” குலசிங்கம் வாயைத் திறந்தார். “நல்லது பிள்ளை” என்று மூடினார். அதற்கடுத்த வாரம் அவளுடைய மாமியார் விசிட்டர் விசாவில் வந்து இறங்கினார். நீராகாரம் போல வயிற்றுக்கு இதமாக இருக்கிறதென்று, விரத நாட்களில் இரவு அந்தச் சூப்பை மட்டுமே குடித்தார்.

பட்டமளிப்பு விழாவில் நன்றியுரை ஸ்வர்ணாவுக்கு. பட்டுப்புடவையில் வந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள். முன்வரிசையில் மாமியார், நெற்றியில் திருமண்ணோடு.

“எங்க வீட்டுல ஏழு தலைமுறையா யாரும் தொடாதத, கடல் தாண்டி வந்தும் நாங்க தொடாம இருக்கோம்னா, அது குலசிங்கம் அங்கிளாலதான்” என்றாள்.

மண்டபம் அதிர்ந்தது. முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் கௌசிகன். அடுத்தவர் யோகராணி. குலசிங்கம் தலையைக் குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டார். தலைகுனிவைச் சனம் பணிவு என்று மெச்சியது.

அந்தச் சனிக்கிழமை மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் பிறவிச் சைவம் ஒருத்திதான். சைவத்தைக் காக்கக் கூடிய குழு, அவளையும் விட்டுவைக்கவில்லை.