கறுப்புக் கரைத் தாளில் ஒரு நினைவூட்டல்

கடிதம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுதுவது கஷ்டமில்லை. எழுதிவிட்டுக் காத்திருப்பதுதான் கஷ்டம். தலைமயிர் எனக்கு முப்பது வயதிலேயே நரைக்கத் தொடங்கியதற்கு இரத்தினபுரி மழை காரணம் என்று மனைவி சொல்வாள். மழை பாவம். காரணம் தபால்காரர். தினமும் எங்கள் வாசலைத் தாண்டிப் போவார், ஒரு நாளும் நிற்கமாட்டார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்தினபுரி நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சிறிய அறை எடுத்து, 'மொழிபெயர்ப்பாளர்' என்று பலகை மாட்டியிருந்த காலம் அது. ஆங்கிலத்திலிருந்து தமிழ், தமிழிலிருந்து ஆங்கிலம், அவசரத்துக்குச் சிங்களம். (சிங்களத்தில் எழுதியதை என் மனைவி பரமேசு பக்கத்து வீட்டில் கொடுத்துத் திருத்துவாள். அதைப் பலகையில் போடவில்லை.) யாரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை, ஆகவே யாரும் எனக்கு எசமானுமில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டுச் சலித்த மச்சான், ஊரில் தன் சுருட்டுக் கொட்டிலில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, தை பிறப்பதற்குள் வந்துவிடு என்று எழுதிவிட்டார். மச்சானின் கீழே உட்காருவதை நினைத்தாலே எனக்குத் தும்மல் வரும்.

என்னைக் காப்பாற்றக்கூடியவர் ஒரே ஒருவர்தான். நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணியாக இருந்த அங்கமுத்து. அவர் வாங்கிய காணியின் ஆங்கில உறுதிப் பத்திரத்தை நான் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். வாசிக்கக் கேட்டுவிட்டு, "நல்லா வெளங்குதுங்க ஐயா. இந்தப் பக்கத்துல ஏழு கங்காணிமாரு இருக்கோம். எங்க எல்லாரோட இங்கிலீசுக் கடுதாசியும் இனிமே உங்ககிட்டயே வரட்டுமான்னு பேசிப்பாக்குறேன்" என்றார். ஏழு தோட்டங்களின் வேலை வந்தால் நாங்கள் இரத்தினபுரியிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் சுருட்டுக் கொட்டில்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு வாரம் பொறுத்து, பணிவான தமிழில் ஒரு நினைவூட்டல் போட்டேன். பதில் இல்லை. இன்னும் இரண்டு வாரம் கழித்து, அதைவிடப் பணிவாக இன்னொன்று. அதற்கும் இல்லை. பணிவு போதாது, கம்பீரம் வேண்டும் என்று அன்றைய என் மூளை முடிவு செய்தது. கம்பீரம் என்றால் ஆங்கிலம். ஆங்கிலம் என்றால் நல்ல தாள்.

காசிம் நானாவின் கடையில் தாள் தேடினேன். அலமாரியின் அடியிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்துத் தூசி தட்டினார். வழுவழுப்பான வெள்ளைத் தாள், நான்கு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை, உறைக்கும் அப்படியே. "இது தொரமார்ட ஊட்டுச் சாமான் மாஸ்டர். நம்மட ஆக்கள் ஒருத்தரும் வாங்கல்ல" என்றார். ஏன் வாங்கவில்லை என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பரமேசு தாளைப் பார்த்ததும், "இதென்னப்பா, செத்தவீட்டுக் கடிதம் மாதிரி இருக்கு" என்றாள்.

"உமக்கென்ன தெரியும்? வெள்ளைக்காரன் கலியாணத்துக்கே கறுப்புக் கோட்டுப் போடுறவன்" என்றேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. (பேசியிருக்கலாம். இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறேன்.)

கடிதம் போய் ஐந்தாம் நாள், பொறுமை முற்றாகப் போய், நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று கிளம்பினேன். பஸ்ஸில் இறங்கி மூன்று மைல் ஏற்றம். மழை விடவில்லை. இடையில் இரண்டு தரம் நின்று காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டேன். ஒரு பதிலுக்காக மனிதன் இவ்வளவு இரத்தம் கொடுக்கவேண்டுமா என்று அலுத்துக்கொண்டே கங்காணி வீட்டை நெருங்கினால், உள்ளே ஒப்பாரி கேட்டது. முற்றத்தில் புதிதாய்ப் போட்ட கல்யாணப் பந்தலை இரண்டு பேர் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்கு என்ன?" என்று அவர்களில் ஒருவரைக் கேட்டேன்.

"தெரியலைங்க. ஊர்ல யாரோ தவறிட்டாங்க. அடுத்த வாரம் கங்காணி மகளுக்குக் கல்யாணம். இந்த நேரம் பாத்து இப்படி ஆயிருச்சு."

என் மனதில் முதலில் வந்தது இரக்கமில்லை. இனி ஒரு மாதத்துக்கு இவரிடம் பதில் கேட்க முடியாதே என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை வெளியே காட்டாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கனத்த சோகத்தோடு போய்ப் பாயில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் தலையைக் குனிந்தபடி இருந்தேன். பக்கத்திலிருந்தவர் பெருமூச்சு விட்டபோது நானும் விட்டேன்.

கங்காணி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"சாமி மாதிரி வந்தீங்க ஐயா. நேத்துக் கடுதாசி வந்துச்சு. இங்கிலீசுல இருக்கு. கணக்கப்பிள்ளைக்குத் தமிழ்தான் தெரியும், பெரிய கிளாக்கரு கொழும்புக்குப் போயிட்டாரு. பங்களாவுக்கு இந்த மாதிரி கறுப்புக் கடுதாசி ஒருக்கா வந்துச்சு, தொரையோட அம்மா செத்தப்போ. சாவுன்னு தெரியுது, யாருன்னு தெரியலை. எந்தம்பி சீக்கா கெடக்கான், அவனாத்தான் இருக்கும்."

உள்ளேயிருந்து கங்காணியம்மா, "எங்கண்ணனா இருக்கும். ராத்திரி கனாவுல வந்தாரு" என்று அழுதார். ஆக, ஒரே சாவுக்கு வீட்டில் இரண்டு அழுகை நடந்துகொண்டிருந்தது.

"யாருன்னு படிச்சுச் சொல்லுங்க ஐயா" என்று கங்காணி உறையை என் கையில் வைத்தார்.

என் கையெழுத்து நல்ல கையெழுத்து. தூரத்திலிருந்தே தெரியும்.

அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த சில விநாடிகளில் ஒரு பொய்யைத் தயாரித்துவிட்டேன். தீட்டுக்கூட இல்லாத தூரத்துச் சொந்தம் யாரோ போய்விட்டதாகச் சொல்லலாம். பெயர்கூட யோசித்துவிட்டேன். அப்போதுதான் கதவோரம் நின்ற மணப்பெண்ணைப் பார்த்தேன். கையில் பாதி கட்டிய பூச்சரம் இருந்தது. கட்டுவதா விடுவதா என்று தெரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

"ஒருத்தரும் சாகேல்லை" என்றேன்.

ஒப்பாரி நின்றது.

"எங்கண்ணன் சாகலியா?" என்றார் கங்காணியம்மா.

"இல்லை அம்மா."

"இவரு தம்பி?"

"அவரும் இல்லை."

"அப்ப யாருதான் செத்தது?"

"ஒருத்தருமில்லை அம்மா. நான் எழுதின கடிதம். பதில் வரேல்லை எண்டு..."

பந்தல் பிரித்தவர்கள் கயிற்றைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து நின்றார்கள். கங்காணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

அவர் உள்ளே போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து வந்தார். இரண்டு, நான் தமிழில் எழுதிய நினைவூட்டல்கள். மூன்றாவது நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அதில் என் பெயர் எழுதியிருந்தது.

"ஏழு பேருகிட்டயும் பேசி முடிச்சுட்டேன் ஐயா. எல்லாரும் சரின்னுட்டாங்க. நல்ல நாளாப் பாத்து, வெத்தலை பாக்கோட இந்தப் பத்திரிகையையும் வச்சு நேர்ல சொல்லணும்னு இருந்தேன். நாளைக்குத்தான் அந்த நாளு. இதெல்லாம் கடுதாசியில சொல்ற விசயமா?"

எனக்கு அழுகை வந்தது. அழுகிற வீடாக இருந்ததால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

"சம்பந்தி வீட்டுக்கு நேத்தே ஆளனுப்பி, கல்யாணம் தள்ளிப்போச்சுன்னு சொல்லிட்டோம்" என்றார் கங்காணி. "இனி நாங்க போயி யாரும் சாகலைன்னு சொன்னா, எதையோ மறைக்கிறோம்னு நெனப்பாங்க. நீங்கதான் வந்து சொல்லணும்."

மறுநாள் காலை நானும் கங்காணியும் மாப்பிள்ளையின் ஊரான வரக்காப்பொலவுக்குப் பயணம். மூன்று பஸ் மாறினோம். மாப்பிள்ளையின் தகப்பனும் கங்காணிதான், மீசை பெரிது. அவர் முன்னால் நின்று என் ஆங்கிலக் கடிதத்தை நானே தமிழில் மொழிபெயர்த்தேன்: "ஐயா, தங்களின் நீண்ட மௌனம் எனக்கு ஆழ்ந்த துயரத்தைத் தருகிறது. இனியும் தாமதித்தால் என்னால் தாங்க இயலாது."

"இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தேன். வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னார். அப்போது அடக்கிய சிரிப்பில் மீசை ஆடுவதைக் கண்டேன். என் தொழிலில் இவ்வளவு பேர் கூடிக் கேட்ட மொழிபெயர்ப்பு வேறு எதுவும் இல்லை.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. பந்தியில் எனக்குச் சோறு போட்டவர், குழம்பு ஊற்றியவர், வெற்றிலை கொடுத்தவர் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "பதில் கெடைச்சுதுங்களா?"

கிடைத்தது. நாங்கள் இரத்தினபுரியிலேயே இருந்துவிட்டோம். ஏழு கங்காணிமாரும் அதற்குப் பிறகு என் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்ததே இல்லை. பயம்தான், வேறென்ன. வீட்டில் நான் புத்தகத்தை விட்டு எழும்பாமல் இருந்தால் பரமேசு அடுக்களையிலிருந்து, "சாப்பிட வாறியளோ, கறுப்புக் கரையிலே எழுதிவிடட்டோ?" என்பாள். இப்போது பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து அங்கமுத்துக் கங்காணி உண்மையாகவே காலமானார். ஊரிலுள்ள சொந்தங்களுக்கெல்லாம் எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். காசிம் நானாவிடம் வாங்கிய தாள்கட்டில் பாதி வீட்டில் அப்படியே கிடந்தது. இதற்காகத்தானே இந்தத் தாள் என்று எண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துப்போனேன்.

கங்காணியம்மா தாளைப் பார்த்தார். அத்தனை அழுகைக்கு நடுவிலும் அவர் உதடு லேசாக வளைந்தது.

"அதுல வேணாங்க ஐயா" என்றார். "அதுல எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க."