கடைசியாக வந்தவனுக்கு முதல் பரிசு

அதிகம் பேசாதவன் ஒரு நாள் வாயைத் திறந்தால், அது பெரும்பாலும் திறக்கக் கூடாத நாளாகத்தான் இருக்கும். பேசிப் பழகியவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். என்னைப் போன்றவர்களுக்கு ஆரம்பிக்கவே வராது. தப்பித் தவறி ஆரம்பித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. நான் வாயைத் திறந்தது, என் மகள் மலரைப் பெண் பார்க்க வந்த அன்று.

நான் திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் ஸ்டாண்டு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம். படிப்பு ஐந்தாவது. (அந்த ஐந்தாவதும் வாத்தியார் பாவம் பார்த்துப் போட்டது.) வெள்ளைக்காரர்கள் என் வண்டியில் விரும்பி ஏறுவார்கள். நான் பேசாமல் வருவதால் எனக்கு ஏதோ ஞானம் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குப் பேச வராது, அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஆரணிக்காரர்கள். பையன் பெயர் கார்த்தி. வேலூரில் ஒரு பைக் ஷோரூமில் வேலை. லீவு நாளில் மண் டிராக்கில் பைக் ரேஸ் ஓட்டுவான். அவன் அப்பா தங்கவேலு லாரி ஓட்டி ஓய்ந்து, டயர் கடை வைத்திருந்தார். ஜாதகம் பொருந்தியிருந்தது. மலருக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை. காபி கொடுத்துவிட்டு உள்ளே போனவள், கதவை முழுசாகச் சாத்தாமல் நின்றாள். அது போதாதா?

பேச வேண்டியதையெல்லாம் என் மனைவி கஸ்தூரி பேசினாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு ஜாஸ்தி பேச மாட்டாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் கஸ்தூரி.

"பரவால்லம்மா, பேசாத சம்மந்தி கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றார் தங்கவேலு. அதோடு விட்டிருந்தால் இன்று கார்த்தி என் மருமகன்.

விடாதவன் கஸ்தூரியின் தம்பி தனசேகர். சென்னைப் பக்கம் கார் ரேஸ் நடக்கும் டிராக்கில், ஒரு டீமுக்கு டயர் மாட்டும் வேலை அவனுக்கு. வேலைதான் டயர் மாட்டுவது. சட்டை முழுக்க எழுத்து. முதுகில் எழுத்து, கையில் எழுத்து, காலரில்கூட எழுத்து. அந்தச் சட்டையில் அவன் தெருவில் நடந்தால் ரேஸ் டிரைவர் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவனும் ஒரு நாளும் மறுத்ததில்லை.

"மண்ணுல ஓட்றதெல்லாம் ஒரு ரேஸா மாப்ள?" என்று கார்த்தியைச் சீண்டினான். "ஃபார்முலா காரு பாத்திருக்கியா? அந்த வேகத்துல ஒரு வளைவு திரும்புனா கழுத்தே பிச்சுக்கும். கழுத்துக்குன்னே தனியா எக்சர்சைஸ் பண்றானுங்க."

கார்த்தி சிரித்தான். "ரோடு கண்ணாடி மாதிரி இருந்தா ஓட்டலாம்ணா. மண்ணுல வண்டி நம்ம பேச்ச கேக்காது. போன ரவுண்டுல இருந்த பள்ளம் இந்த ரவுண்டுல வேற எடத்துல இருக்கும்."

"ரெண்டு பேருமே சுத்திச் சுத்தி கெளம்புன எடத்துக்குத்தான வரீங்க?" என்றார் தங்கவேலு. "ராலி பாருங்கடா. மலை ரோடு. அடுத்த வளைவுல இன்னா இருக்குன்னு தெரியாது. பக்கத்துல ஒருத்தன் பேப்பர பாத்து லெஃப்டு, ரைட்டுனு கத்துவான். அவன் பேச்ச நம்பி ஒடிக்கணும். பொண்டாட்டி சொன்னா ஒடிப்பமா நாம?"

"ஒடிச்சிருந்தா லாரி இன்னும் நம்மகிட்ட இருந்திருக்கும்" என்றார் அவர் மனைவி.

எங்கள் ஸ்டாண்டு பஷீர் பாய் எனக்குத் துணையாக வந்திருந்தார். அவரும் சும்மா இல்லை. "நேர் ரோடு, ரெண்டு வண்டி, கொடி எறங்குச்சா, மூச்சு உடறதுக்குள்ள முடிஞ்சிடணும். அதான் ரேஸு. மத்ததுல எல்லாம் தோத்தவன் சாக்கு சொல்ல எடம் ஜாஸ்தி."

காபி ஆறியது. நான் கவனித்தேன்: யாருக்கு எதன் பக்கத்தில் நின்றால் பெருமை கிடைக்குமோ, அதைத்தான் அவரவர் பெரிது என்றார்கள். அந்தக் கூடத்தில் நிஜமாக ரேஸ் ஓட்டியவன் கார்த்தி ஒருவன்தான். அவன் குரல்தான் எல்லாவற்றிலும் கம்மியாக இருந்தது. சட்டையில் எழுத்து இருந்தவன் குரல் தெரு முனை வரை கேட்டது.

அப்போதுதான் தங்கவேலு என் பக்கம் திரும்பினார். மரியாதைக்காகத்தான் கேட்டார். "சம்மந்தி, நீங்க சொல்லுங்க. இதுல எது பெருசு?"

"மெதுவா ஓட்றதுதான்" என்றேன்.

கஸ்தூரி நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் பிரேக் கிடையாதே.

"பௌர்ணமிக்கு வந்து பாருங்க. முன்னாடி ஒரு பாட்டியம்மா, பக்கத்துல சாமியாரு, பின்னாடி பஸ்ஸு. நின்னா பின்னாடி இருக்கறவன் திட்றான், நகந்தா முன்னாடி இருக்கறவன் திட்றான். கிளட்ச பாதி உட்டு, ஆக்சிலேட்டர எறும்பு நவுர்ற மாதிரி திருப்பி, என்ஜின் அணையாம, சக்கரம் நிக்காம போவணும். உங்க ஃபார்முலா காரன தேரடி வீதில ஓட்டச் சொல்லுங்க, பாக்கலாம்!"

(அந்த வருஷம் முழுக்க நான் பேசிய மொத்தப் பேச்சைவிட அது நீளம்.)

தனசேகர் தொடையில் தட்டிச் சிரித்தான். "எங்க மாமா ஸ்லோ ரேஸ் சாம்பியனுங்க! காணும் பொங்கலுக்கு ஆட்டோக்காரங்க நடத்துவாங்க. கடைசியா வர்றவனுக்குத்தான் மொத பரிசு!"

எல்லாரும் சிரித்தார்கள். கார்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "அது நெஜமாவே கஷ்டம் மாமா. வேகமா போறப்ப வண்டி சாயாம தானா நேரா நிக்கும். மெதுவா போனாத்தான் உழுவோம்" என்றான். அந்த நிமிஷம் என் மகளைவிட எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

தங்கவேலுவும் உற்சாகமாகிவிட்டார். "அப்ப காணும் பொங்கலுக்கு குடும்பத்தோட வரோம். சம்மந்தி ஓட்றத பாத்துட்டு, அன்னிக்கே நிச்சயத்துக்கு நாள் குறிச்சிடுவோம்."

தனசேகருக்கு இது பொறுக்கவில்லை. "அப்ப அன்னிக்கே பைக் ரேஸும் வெச்சிடுவோம். வேகம்னா இன்னான்னு ஊரு பாக்கட்டும்" என்றான். மைக்கையும் பொறுப்பையும் அவனே எடுத்துக்கொண்டான். ரேஸ் டிராக்கில் இருக்கிறவன் சொன்னால் மறுப்பார் யார்?

போட்டி நடந்த இடம் வேங்கிக்கால் பக்கம் ஒரு புது மனைப்பிரிவு. வீடுகள் இன்னும் வரவில்லை, தார் ரோடு மட்டும் சதுரமாகச் சுற்றி வந்தது. பந்தலும் மைக்கும் முன் ரோட்டில். பைக்குகள் முழுச் சுற்றும் வர வேண்டும், ஸ்லோ ரேஸுக்குப் பின்பக்க ரோடு மட்டும். இரண்டுக்கும் நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி. எங்கள் ரோட்டின் கடைசியில் சுண்ணாம்பில் ஒரு கோடு. கோட்டின் ஓரம் என் குடும்பமும், கார்த்தியின் அம்மா அப்பாவும் நின்றார்கள்; கார்த்தி பைக்கோடு முன் ரோட்டில் இருந்தான். சட்டம் எளிது. சக்கரம் நின்றால் அவுட். என்ஜின் அணைந்தால் அவுட். ஓரம் ஒதுங்கினால் அவுட். கோட்டைக் கடைசியில் தாண்டுகிறவன் ஜெயித்தான்.

கொடி இறங்கியது. கொஞ்ச தூரத்திலேயே ஒருவன் என்ஜின் இருமி அணைந்தது. இன்னொருவன் பீடி பற்றவைக்கப் போய் நின்றுவிட்டான். பஷீர் பாய்க்கு மெதுவாகப் போவதில் நம்பிக்கையே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம், "போதும்பா, எனக்கு டீ வேணும்" என்று சொல்லி நேராகக் கோட்டைத் தாண்டி, பந்தலுக்கே போய்விட்டார்.

அங்கேதான் விதி இருந்தது. மைக்கைப் பிடித்திருந்த தனசேகர், பஷீர் பாய் வண்டி வருவதைப் பார்த்தான். அவன் பிழைப்பில், ஒரு வண்டி கோட்டைத் தாண்டி வந்துவிட்டால் போட்டி முடிந்தது என்று அர்த்தம். எங்கள் போட்டியில் அப்போதுதான் ஆரம்பம் என்று அர்த்தம். வேகத்திலேயே ஊறிப்போன தலைக்கு அது எட்டவில்லை. "ஸ்லோ ரேஸ் முடிஞ்சுது! பைக்குங்க ரெடியா?" என்று கத்தினான்.

தொட்டிக்குப் பின்னால் எனக்கு அது கேட்கவில்லை. என் காது என்ஜினில் இருந்தது. கோடு கண்ணுக்கு எதிரே இருந்தது. தங்கவேலு மனைவியிடம், "கையப் பாரு, கையப் பாரு, எப்படி ஆடாம வெச்சிருக்காரு" என்று சொல்வது கேட்டது. அப்படி ஒருவரும் என் கையைப் பார்த்து ஒரு நாளும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் ஓட்டியதற்கு அன்றைக்குத்தான் எனக்குப் பார்வையாளர்கள் கிடைத்தார்கள்.

பின்னால் சத்தம் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வளைவில் சாய்ந்தபடி பைக்குகள். முதலில் கார்த்தி. (அவன் முதலில் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் நன்றாக ஓட்டுகிறவனாயிற்றே.)

"அப்பா, ஓரம் போப்பா!" என்று மலர் அலறினாள்.

ஓரம் போயிருக்கலாம். வேகமாக முன்னால் போயிருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. என் வண்டி நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். பொய். நகர்ந்துகொண்டுதான் இருந்தது. கார்த்தி என்னை இடது பக்கம் ஒதுங்கிக் கடக்கப் பார்த்தான். நான் இருக்க வேண்டும் என்று அவன் கணக்குப் போட்ட இடத்தைவிட ஒரு சாண் பின்னால் இருந்தேன். அவன் ரோட்டை விட்டு இறங்கி, எம்சாண்டு மணல் குவியலில் ஏறி, பைக் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக விழுந்தான்.

எல்லாரும் அவனை நோக்கி ஓடினார்கள்.

நான் கோட்டைத் தாண்டினேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். இரண்டு முழம்தான் இருந்தது. கை தன் பாட்டுக்கு கிளட்சைப் பாதி விட்டது. சக்கரம் நிற்காமல், என்ஜின் அணையாமல், குறை சொல்ல முடியாத சுத்தத்தோடு தாண்டினேன். தாண்டிய பிறகுதான் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினேன். அதற்குள் கார்த்தியின் அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார்.

"எம்புள்ள அங்க கெடக்கறான், இந்த மனுஷன் கோட்டத் தாண்டிட்டு வராரு!"

அதே நேரம் தொட்டிக்கு அந்தப் பக்கம், யாரோ சொன்ன பாதிச் செய்தியைக் கேட்டுவிட்டு தனசேகரின் குரல்: "இப்பதான் தகவல் வந்துருக்குது! ஸ்லோ ரேஸ் மொத பரிசு, நம்ம மாமாவுக்கு! ஜோரா ஒரு தபா கை தட்டுங்க!"

தட்டினார்கள்.

கார்த்திக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபடி, "உடும்மா, அவரு ரூல்ஸ் படிதான ஓட்னாரு" என்றான். தங்கமான பையன்.

"ரூல்ஸா? நாளைக்கு நீ மாடியில இருந்து உழுந்தாலும், சாப்ட்டு கை கழுவிட்டுத்தான் வருவாரு உங்க மாமனாரு" என்றார் அம்மா.

தங்கவேலு கோபப்படவில்லை. அதுதான் வலித்தது. வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றார். "லாரியில இருந்தப்ப வேகமா வர்றவனுக்குத்தான் பயந்தேன். மொத தபா மெதுவா போறவர பாத்து பயப்படறேங்க" என்றார். சம்மந்தி என்று சொல்லவில்லை. தரகர் மூலமாகப் பிறகு வந்த பதில், ஜாதகம் பொருந்தவில்லை என்பது.

தனசேகரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் பைக்குகளை விட்டவன் அவன். ஆனால் அவன் சட்டையில் எழுத்து இருந்தது, என் காக்கியில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. எந்த ரேஸ் பெரிது என்று அன்றைக்கு வீட்டில் கேட்டார்களே, அதற்குச் சரியான பதில் எனக்கு அந்த வராந்தாவில்தான் தெரிந்தது. திறமை எதில் அதிகம் என்பதெல்லாம் காபி ஆறும் வரை பேசுவதற்கு. விழுந்தாலும் கௌரவம் குறையாத ரேஸ் பெரிது. கார்த்தியின் உடைந்த எலும்பை அவன் கூட்டாளிகள் மெடல் மாதிரி படம் எடுத்துப் போட்டார்கள். ஜெயித்த என்னைப் பார்த்து ஸ்டாண்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மலர் என் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வேங்கிக்கால் தாண்டியதும் கேட்டாள்: "அவரு உழுந்தப்புறம் கூட கோட்டத் தாண்டணும்னு தோணுச்சாப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. பேசாதவன் என்பதால் அவளும் மறுபடி கேட்கவில்லை.

கார்த்திக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. மலருக்கு வரன் அமைய நாளானது. அடுத்து வந்த மாப்பிள்ளைகளிடம் கஸ்தூரி கேட்ட முதல் கேள்வியே, "தம்பி ரேஸ் கீஸ் ஓட்டுவீங்களா?" என்பதுதான். கடைசியில் அமைந்தவர் விழுப்புரத்துக்காரர், கூட்டுறவு சங்கத்தில் வேலை, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நல்லவர். மலர் அவரைக் கதவிடுக்கில் நின்று பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டவன் தனசேகர்தான். என்னை யாரும் ஓட்டச் சொல்லவில்லை. செங்கத்துப் பக்கமிருந்து லாரிகள் வருகிற நேரம். பெண் போகிறாள் என்ற கலக்கத்தில், எல்லா அப்பாக்களும் சொல்கிற வார்த்தையைத்தான் கார் ஜன்னலில் குனிந்து சொன்னேன்.

"மெதுவா போ மச்சான்."

கார் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாத மாப்பிள்ளைக்குக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான் தனசேகர். மலரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யார் ஊருக்குக் கிளம்பினாலும், வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் வாயையே பார்க்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அதற்கும் சிரிக்கிறார்கள்.